'நான் ஒண்ணும் பண்ணலையே!' - பாலியல் வன்முறையைத் தடுப்பதில் ஆண்களுக்கு என்ன வேலை?

ராத்திரி 11 மணி. காலேஜ் நண்பர்கள் 40 பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் என்று வைத்துக்கொள்வோம். திடீரென ஒரு வீடியோ வந்து விழுகிறது. தன்னை யாரோ படம் எடுக்கிறார்கள் என்பதே அதில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது. இரண்டு பேர் சிரிப்பு எமோஜி போடுகிறார்கள். ஒருவர், "ஃபுல் வீடியோ இருக்கா மச்சான்?" என்று கேட்கிறார். மிச்சம் 36 பேர் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தூங்கிப்போகிறார்கள்.

மறுநாள் அந்த 36 பேரில் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். "நான் ஒண்ணும் பண்ணலையே!"

பாலியல் வன்முறை பற்றிய பேச்சு வந்தாலே பெண்களுக்குத்தான் அறிவுரை போகிறது. எப்படி உடுத்தணும், எத்தனை மணிக்கு வீடு திரும்பணும், யாரோடு பழகணும் என்று நீளமான பட்டியல். ஆண்களுக்கு அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? குற்றம் செய்யாத ஆண், தான் செய்யவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டால் போதுமா?

இந்தக் கேள்விக்கான பதிலைத் தமிழ்நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கிலிருந்து தொடங்கலாம்.

பொள்ளாச்சி வழக்கில் என்ன நடந்தது?

2019 பிப்ரவரியில் 19 வயது கல்லூரி மாணவி ஒருவர் பொள்ளாச்சி போலீசில் புகார் கொடுத்தார். பழக்கமான இளைஞர்களை நம்பி காரில் ஏறியவருக்கு அங்கே பாலியல் கொடுமை நடந்தது. அதை வீடியோவும் எடுத்து மிரட்டினார்கள். விசாரணை நகர நகர, இதேபோல் வேறு பல பெண்களும் சிக்கவைக்கப்பட்டது தெரியவந்தது.

அந்த மாணவி விஷயத்தை வீட்டில் சொன்னார். அவருடைய சகோதரர் நம்பினார். அதன் பிறகுதான் சம்பந்தப்பட்டவர்களின் செல்போன்களில் இருந்த மற்ற வீடியோக்கள் வெளிச்சத்துக்கு வந்தன. புகார் கொடுத்த சில நாட்களிலேயே அந்தச் சகோதரர் தாக்கப்பட்டார். புகார் கொடுத்த பெண்ணின் பெயரும் வெளியே வந்தது. வெளியிட்டது அதைக் காப்பாற்ற வேண்டிய காவல்துறை தரப்பே.

இன்னொரு பக்கம், வழக்கு செய்தியானதும் அந்த வீடியோக்களின் துண்டுகள் போன் போனாகப் பரவின. 'என்ன கொடுமை பாருங்க' என்று வருத்தப்பட்டுக்கொண்டே அனுப்பியவர்களும் உண்டு. அனுப்பியவர் வருத்தப்பட்டாரா, ரசித்தாரா என்பது அந்தப் பெண்ணுக்கு ஒரு பொருட்டே இல்லை. இன்னும் ஒரு போனில் அந்தக் காட்சி இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளூர் போலீசிடமிருந்து சிபிசிஐடிக்கும், அங்கிருந்து சிபிஐக்கும் வழக்கு போனது. 2025 மே 13-ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம், குற்றம்சாட்டப்பட்ட 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட 8 பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. இத்தனை ஆண்டு இழுபறியிலும் பாதிக்கப்பட்ட பெண்களில் ஒருவர்கூட பிறழ் சாட்சியாக மாறவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் தெரிவித்தார்.

ஜெயிக்க வைத்தது அந்தப் பெண்களின் துணிச்சல். ஆனால் முதல் கதவு திறந்தது, வீட்டில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால். 'வெளிய தெரிஞ்சா அசிங்கம், விட்டுடு' என்று அன்று அவர் சொல்லியிருந்தால்?

தெரியாத ஆளா, தெரிஞ்ச ஆளா?

பாலியல் வன்முறை என்றதும் பலர் மனதில் வரும் காட்சி ஒன்றுதான். இருட்டுத் தெரு, தனியாக நடக்கும் பெண், முகம் தெரியாத ஒருவன். அப்படியும் நடக்கிறது. ஆனால் அது சிறு பகுதிதான்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ல் நாடு முழுவதும் 31,677 பாலியல் வன்கொடுமை வழக்குகள் பதிவாகின. ஒரு நாளைக்குச் சராசரியாக 86. அடுத்த ஆண்டு, 2022-ல் 31,516. பதிவாகும் வழக்குகளில் 10-க்குச் சுமார் 9-ல் குற்றம்சாட்டப்படுபவர் அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதை இந்த ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், வேலை பார்க்கும் இடத்தில் இருப்பவர் என்று போகிறது வரிசை. இதெல்லாம் போலீஸ் வரை வந்த கணக்கு மட்டுமே.

இந்த எண்ணிக்கை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது.

ஒன்று, 'தனியா போகாத, நான் கூட வர்றேன்' என்ற காவல்காரர் வேலை மட்டும் போதாது. ஆபத்து பெரும்பாலும் தெருமுனையில் நிற்பதில்லை. வீட்டுக்குள் வந்து காபி குடித்துவிட்டுப் போகும் ஆளாகவும் இருக்கலாம்.

இரண்டாவது இன்னும் முக்கியம். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஆள் என்றால், அவன் வேறு பல ஆண்களுக்கும் தெரிந்த ஆள். யாரோ ஒருவருக்கு அவன் மச்சான், யாரோ ஒருவருக்கு ரூம்மேட், யாரோ ஒருவருக்கு தம்பி. அவன் பெண்களைப் பற்றி எப்படிப் பேசுகிறான், 'வேணாம்' என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்கிறான், போனில் என்ன வைத்திருக்கிறான் என்பதெல்லாம் பெண்களைவிட ஆண்களுக்குத்தான் முதலில் தெரியவரும். குற்றம் நடப்பதற்கு முன்னால் தடுக்கக்கூடிய இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

தெரிஞ்சும் ஏன் வாயைத் திறப்பதில்லை?

இதற்கு ஒரு பழைய ஆய்வு வெளிச்சம் காட்டுகிறது. 1968-ல் அமெரிக்காவில் பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் அறையில் ஆட்களை உட்காரவைத்து, சுவரில் உள்ள துளை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். கூடவே கண்டுகொள்ளாமல் இருக்கும்படி சொல்லிவைத்த இரண்டு பேரை உட்காரவைத்தபோது, தகவல் சொன்னவர்கள் வெறும் 10 சதவீதம். மற்றவர்கள் புகையைக் கையால் விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

காரணம் என்ன? 'பக்கத்துல இருக்கறவர் சும்மா இருக்காரே, அப்போ இது பெரிய விஷயம் இல்ல போல' என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து அமைதியாக இருக்கிறார்கள்.

அந்த 36 பேர் கதையும் இதேதான். அவர்களில் பலருக்கு அந்த வீடியோ பிடித்திருக்காது. ஆனால் ஒவ்வொருவரும், 'மத்தவனுக்கெல்லாம் ஓகே போல, நான் மட்டும் சொன்னா சாமியார்னு கிண்டல் பண்ணுவாங்க' என்று நினைத்துப் பேசாமல் இருக்கிறார்கள். வீடியோவைப் போட்டவனுக்கு அந்த அமைதி எப்படித் தெரியும்? 36 பேருடைய சம்மதமாக. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் தைரியமாகப் போடுவான்.

பார்த்தது, அனுப்பியது: சட்டம் என்ன சொல்கிறது?

'நான் எடுக்கல, ஃபார்வர்டுதான் பண்ணேன்' என்பது சட்டத்தின் முன் நிற்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவு, ஒரு பெண்ணின் அந்தரங்கத்தை அவருக்குத் தெரியாமல் பார்ப்பது, படம் எடுப்பது, அதைப் பரப்புவது ஆகிய மூன்றையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு, மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு சிறை. படம் எடுக்க அந்தப் பெண் சம்மதித்திருந்தாலும், அடுத்தவருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்புவது குற்றம்தான். காதலித்தபோது வாங்கிய போட்டோவைப் பிரிந்த பிறகு பரப்புபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பாலியல் செயல்கள் உள்ள வீடியோவை இணையம் வழியாக அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு பாயும். முதல் முறையே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

குழந்தைகள் சம்பந்தப்பட்டது என்றால் இன்னும் கடுமை. இதில் சென்னை வழக்கு ஒன்று நாட்டுக்கே முன்னுதாரணம் ஆனது. இத்தகைய காட்சிகளை டவுன்லோடு செய்து தனியாகப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 'குழந்தை ஆபாசப் படம்' என்ற சொல்லையே இனி பயன்படுத்தக் கூடாது, அது குழந்தை மீதான பாலியல் சுரண்டலின் பதிவு என்றும் சொன்னது. அதாவது, அது 'படம்' இல்லை. ஒரு குழந்தைக்கு நடந்த குற்றத்தின் சாட்சி.

பாதிக்கப்பட்டவரின் பெயர், போட்டோ, அடையாளத்தை வெளியிடுவதும் குற்றம். 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர் வெளியே கசிந்தது. அது பலருடைய போனுக்கும் போனது. சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்து, மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. எஃப்.ஐ.ஆர் எழுதப்பட்ட விதமே அந்தப் பெண் மீது பழி போடுவதுபோல இருக்கிறது என்றும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். அந்த வழக்கின் குற்றவாளிக்கு 2025 ஜூன் 2-ம் தேதி, 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சரி, என்னதான் செய்யணும்? சண்டை போடணுமா?

தேவையில்லை. தடுப்பது என்றாலே சினிமா ஹீரோ மாதிரி பறந்துபோய் அடிப்பது என்று நினைப்பதுதான் பலரைச் சும்மா இருக்க வைக்கிறது. 'நமக்கு எதுக்கு வம்பு' என்று ஒதுங்க அது நல்ல சாக்காகவும் ஆகிவிடுகிறது. நடைமுறையில் சின்னச் சின்ன வேலைகளே பலன் தரும்.

பஸ்ஸில்: ஒருவர் வேண்டுமென்றே ஒரு பெண்ணை உரசிக்கொண்டு நிற்கிறார். அவரிடமே, "அண்ணே, இந்த பஸ் தாம்பரம் போகுமா? கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க" என்று பேச்சுக் கொடுத்து நகர்த்தலாம். அந்தப் பெண்ணிடம், "இங்க உட்கார்றீங்களாம்மா?" என்று இடம் கொடுக்கலாம். கண்டக்டரைக் கூப்பிடலாம். 2022-ல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளின்படி, பெண்களை முறைப்பது, விசில் அடிப்பது, கண்ணடிப்பது போன்றவற்றில் ஈடுபடும் பயணியை இறக்கிவிடவோ போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கவோ கண்டக்டருக்கு அதிகாரம் உண்டு. பயணி ஒருவர் குரல் கொடுத்தால் கண்டக்டருக்கும் தெம்பு வரும்.

குரூப்பில்: ஒரே ஒரு வரி போதும். "டேய், இது யாரோட வீடியோன்னே தெரியாது, டெலிட் பண்ணு." நாலு பேர் முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால், போட்டவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாம். புகையறையில் முதலில் எழுந்து நிற்கும் ஆள் மாதிரிதான் அது. ஒருவர் எழுந்தால், இன்னும் நாலு பேருக்கு எழ வழி கிடைக்கும்.

நண்பனிடம்: ஒரு பெண் மறுத்த பிறகும் அவர் பின்னாலேயே சுற்றும் நண்பனுக்கு, 'விடாத மச்சான், ஒருநாள் ஓகே சொல்லுவா' என்று தூபம் போடுவது நட்பு இல்லை. அதன் சட்டப் பெயர் பின்தொடர்தல். 78-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. 'வேணாம்னு சொல்லிட்டா, விட்டுடு' என்று சொல்பவர்தான் அந்தப் பெண்ணையும் காப்பாற்றுகிறார், நண்பனையும் காப்பாற்றுகிறார்.

பேச்சில்: 1998-ல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரே முதலில் 'ஈவ் டீசிங் தடைச் சட்டம்'தான். பிறகு அது 'பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம்' என்று மாறியது. சீண்டல், கிண்டல் என்று சொன்னால் விளையாட்டாகத் தெரிகிறது. துன்புறுத்தல் என்றால் யார் வலி என்பது தெரிகிறது. சட்டப் புத்தகத்தில் நடந்த இந்த மாற்றம் டீக்கடை பேச்சிலும் நடக்க வேண்டியிருக்கிறது.

ஒரு பெண் வந்து சொன்னால்?

தங்கையோ, மனைவியோ, தோழியோ, கூட வேலை பார்ப்பவரோ இப்படி நடந்தது என்று சொல்லும்போது முதல் 5 நிமிடம் ரொம்ப முக்கியம். அந்த நேரத்தில் பல ஆண்கள் செய்யும் தவறு இரண்டு.

முதலாவது, விசாரணை அதிகாரி ஆகிவிடுவது. 'நீ ஏன் அங்க போன? அந்த டைம்ல என்ன வேலை?' என்று கேட்டால் அடுத்த வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. இரண்டாவது, 'அவனை வெட்டிப் போட்டுடறேன்' என்று கிளம்புவது. கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நொடியிலிருந்து அந்தப் பெண் தன் வலியை மறந்துவிட்டு இவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அடிதடியால் வழக்கும் கெடும்.

அதற்குப் பதிலாக, 'நான் நம்பறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல. இப்போ என்ன பண்ணலாம்னு நீ சொல்லு, கூட இருக்கேன்' என்று சொல்லலாம். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை வயது வந்த பெண்ணுக்கு உண்டு. அவருக்கு உதவும் தகவல்களைத் தெரிந்து வைத்திருப்பது கூட இருப்பவரின் வேலை.

எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், 'இது எங்க எல்லை இல்ல' என்று திருப்பி அனுப்ப முடியாது. அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும், மறுத்தால் அது குற்றம். மிரட்டல் மெசேஜ், போட்டோ, கால் விவரம் எதையும் அழித்துவிடக் கூடாது.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் விதி வேறு. போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, விஷயம் தெரிந்த யாரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். 'குடும்ப மானம்' என்று மறைத்தால் 6 மாதம் வரை சிறை.

பசங்களும் பாதிக்கப்படுகிறார்களே?

ஆமாம். இதைப் பேசாமல் ஆண்களின் பங்கு பற்றிய பேச்சு முழுமையாகாது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பங்கெடுத்த குழந்தைகளில் 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள்.

'ஆம்பளைப் பையனுக்கு என்ன ஆகப்போகுது', 'அழாத, நீ என்ன பொண்ணா' என்று கேட்டு வளர்ந்த சிறுவன் தனக்கு நடந்ததை யாரிடமும் சொல்வதில்லை. தன் வலியையே சொல்லத் தெரியாமல் வளர்ந்தவருக்கு அடுத்தவர் வலி சட்டென்று புரிவது கஷ்டம். போக்சோ சட்டம் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் பொது. மகனிடமும் அதைச் சொல்லி வளர்க்க வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் மாறுமா?

மாற்றம் வந்ததற்கு உதாரணம் உண்டு. அமெரிக்காவின் சாக்ரமென்டோ பகுதியில் 16 உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி நடந்தது. விளையாட்டுப் பயிற்சியாளர்களே வாரம் ஒருமுறை சில நிமிடங்கள், பெண்களை மதிப்பது பற்றியும் தப்பு நடந்தால் தட்டிக்கேட்பது பற்றியும் மாணவர்களிடம் பேசினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த மாணவர்கள் தங்கள் தோழிகளிடம் வன்முறையாக நடந்துகொள்வது மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது.

அதே முறையை மும்பையில் 'பரிவர்த்தன்' என்ற பெயரில் கிரிக்கெட் கோச்கள் மூலம் செய்தார்கள். சிறுவர்கள் பெண்களைப் பார்க்கும் பார்வை மாறியது. ஆனால் நடத்தையில் அந்த அளவு மாற்றம் இல்லை. ஒரு சீசன் பேச்சு போதாது, வீட்டிலும் தெருவிலும் அது தொடர வேண்டும் என்பதே இதிலிருந்து தெரியும் பாடம். இதே மும்பையில் 1993 முதல் 'மாவா' என்ற அமைப்பில் ஆண்களே இளைஞர்களிடம் இதைப் பற்றிப் பேசி வருகிறார்கள்.

இந்த வேலைக்கு கோச்சைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. அம்மா சொன்னால் அறிவுரை என்று தள்ளிவிடும் பையன், தான் மதிக்கும் ஓர் ஆண் சொன்னால் நின்று கேட்கிறான். அப்பா, மாமா, சித்தப்பா, பி.டி. மாஸ்டர், ஜிம் டிரெய்னர் என எல்லோருக்கும் இந்த இடம் இருக்கிறது.

'எல்லா ஆண்களும் அப்படி இல்லையே?'

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் எதிர்க்கேள்வி இது. நியாயமான கேள்விதான். பெரும்பாலான ஆண்கள் குற்றவாளிகள் இல்லை. அதனால்தான் அவர்களிடம் இதைக் கேட்க முடிகிறது. குற்றம் செய்கிறவனிடம் போய் 'தடு' என்று சொல்லிப் பலனில்லை. பக்கத்தில் இருப்பவரிடம்தான் சொல்ல முடியும்.

'பொய்ப் புகாரா இருந்தா?' என்ற பயமும் இருக்கிறது. ஒருவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, இன்னொருவருக்குத் தண்டனை கொடுப்பது ஆகாது. உண்மை எது என்று பார்க்கப் போலீசும் கோர்ட்டும் இருக்கின்றன. கேட்கவே மறுத்தால், அங்கே வரை விஷயம் போகாமலேயே முடிந்துவிடும்.

பொள்ளாச்சி தீர்ப்பு வர 6 ஆண்டுக்கு மேல் ஆனது. குற்றம் முடிந்த பிறகு வருவதுதான் தண்டனை. அதற்கு முன்னால், ஏதோ ஒரு குரூப்பில், ஏதோ ஒரு ரூமில், யாரோ ஒரு நண்பனுக்கு ஒரு வரி சொல்ல நேரம் இருந்திருக்கும்.

இன்று ராத்திரி 11 மணிக்கும் எங்கேயோ ஒரு குரூப்பில் வீடியோ வந்து விழும். 36 பேர் பார்ப்பார்கள். அதில் முதல் ஆளாக 'டெலிட் பண்ணு' என்று டைப் செய்யப்போவது யார்?

உதவிக்கு: அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றங்களுக்கு 1930. பெண்கள், குழந்தைகள் தொடர்பான வீடியோக்கள் பற்றி தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.